ஸ்கேன் படிப்பில் சேர்க்கலாமா? பயந்துபோய் எழுதிய ஓர் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

மகள் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராஃபி படிக்க ஆசைப்படுகிறாள், உங்களுக்கோ தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு பெருந்தொற்று வந்தால் பிள்ளை நோயாளி பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்குமே என்பது ஒரு பயம். கோவிட் நேரத்தில் ஸ்கேன் எடுப்பவர்களையே வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்களாமே என்பது இன்னொன்று. ஒன்றுக்கொன்று ஒத்துவராததுபோலத் தெரிந்தாலும் இரண்டுமே நடந்ததுதான், அதுவும் ஒரே சமயத்தில்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்றது. அதை ஒட்டி மருத்துவமனைகள் அவசரமில்லாத பரிசோதனைகளைத் தள்ளிவைத்தன. மார்பகத்தைப் பார்க்கும் மேமோகிராம், எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா, நாள்பட்ட முழங்கால் வலிக்கு எடுக்கும் எம்.ஆர்.ஐ. எல்லாம் முதலில் நின்றன. நோயாளிகளும் மருத்துவமனைப் பக்கம் வரவே பயந்தார்கள். ஒரே ஒரு வகை ஸ்கேனை நம்பி நடந்த மையங்கள் ஈயோட்டின. நீங்கள் கேள்விப்பட்டது இவர்கள் கதையாகத்தான் இருக்கும்.

ஐ.சி.யு.வில் நிலைமை நேர்மாறு. வென்டிலேட்டரில் இருப்பவரைக் கீழே இறக்கிக் கொண்டுவர முடியாது, மெஷின்தான் அவரிடம் போக வேண்டும். போர்ட்டபிள் நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. சாதாரண நாளில் சில நிமிடங்களில் முடிகிற வேலை. தொற்று வார்டில் பல இடங்களில் இரண்டு பேராகப் போனார்கள். ஒருவர் நோயாளியை மட்டும் தொடுவார், மற்றவர் மெஷினை மட்டும். படம் பதியும் தட்டை பிளாஸ்டிக் பையில் போட்டு முதுகுக்கு அடியில் வைக்க வேண்டும். எடுத்து முடித்ததும் முதலாமவர் பையின் வாயைப் பிரித்துப் பிடிக்க, இரண்டாமவர் பையில் கை படாமல் தட்டை மட்டும் உருவுவார். பிறகு மெஷினைத் துடைத்து, கவச உடையைக் கழற்றி, கை கழுவி, அடுத்த படுக்கைக்கு மறுபடியும் எல்லாம்.

சில மருத்துவமனைகளில் மெஷினை அறைக்கு வெளியே நிறுத்தி, கண்ணாடிக் கதவு வழியாகவே படம் எடுத்தார்கள். உங்கள் மகளுக்கு இயற்பியல் பிடிக்கும் என்றீர்களே, அவளிடம் கேட்டுப் பாருங்கள்: தூரத்தை இரண்டு மடங்காக்கினால் அதே தரத்தில் படம் கிடைக்க எக்ஸ்ரேவை எத்தனை மடங்கு கூட்ட வேண்டும்? நான்கு மடங்கு. கண்ணாடி தடுப்பதற்கு இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கை நின்ற இடத்திலேயே போடத் தெரிந்தவர்களுக்கு அன்று பெரிய கிராக்கி.

சி.டி. ஸ்கேன் தனிக் கதை. 2020 பிப்ரவரியில் சீனாவின் ஹூபே மாகாணத்தில், ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் சி.டி. படத்தை வைத்தே நோயாளிகளைக் கணக்கில் சேர்த்தார்கள். மார்ச்சில் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு, கோவிட்டைக் கண்டறிய சி.டி.யை முதல் பரிசோதனையாக வைக்காதீர்கள் என்றது. ஒரு தொற்று நோயாளிக்கு எடுத்தபின் அறையைத் துடைத்து, காற்று மாறும் வரை பூட்டி வைக்க வேண்டும். காற்றோட்டத்தைப் பொறுத்து இதற்கே ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஸ்கேனுக்குச் சில நிமிடம், அறைக்கு ஒரு மணி நேரம்! பதிவேட்டைப் பார்த்தால் எண்ணிக்கை குறைவுதான். ஷிப்ட் முடிந்து வருகிறவர் மட்டும் சக்கையாக வருவார்.

அலை ஓய்ந்ததும் தள்ளிவைத்ததெல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்தது. 2022-இல் ஷாங்காய் ஊரடங்கில் ஒரு மருந்து ஆலை மூடப்பட, சி.டி. படத்தில் உள்ளுறுப்புகள் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் அயோடின் கான்ட்ராஸ்ட் மருந்துக்குப் பல நாடுகளில் தட்டுப்பாடு. யாருக்கு அவசியம், யாருக்கு அல்ட்ராசவுண்டே போதும் என்று ஒவ்வொரு நோயாளிக்கும் யோசிக்க வேண்டியிருந்தது.

படங்களைப் படித்து அறிக்கை தரும் ரேடியாலஜிஸ்ட்டுகள் பலர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்களே என்று கேட்பீர்கள். அது மருத்துவம் படித்து, அதற்கு மேலும் சிறப்புப் படிப்பு முடித்தவர்களின் வழி. ரேடியோகிராஃபருக்கு அந்த வசதி கிடையாது. எனவே தொற்றைப் பற்றிய உங்கள் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். கவச உடையை ஒழுங்காகப் போடவும், முக்கியமாகக் கழற்றவும் கற்றுக்கொண்டால் ஆபத்து குறையும், அறவே போய்விடாது. அவளுக்கு ஆஸ்துமா போன்ற தொந்தரவு இருந்தால், விண்ணப்பம் போடும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

வேலை பயத்துக்கு மட்டும் என்னிடம் தெளிவான பதில் இருக்கிறது. ஒரே மெஷினைச் சொல்லித்தரும் குறுகியகாலச் சான்றிதழ் படிப்பு வேண்டாம். விளம்பரம் பளபளப்பாகத்தான் இருக்கும். எக்ஸ்ரே, போர்ட்டபிள், சி.டி., எம்.ஆர்.ஐ. என்று எல்லாப் பிரிவிலும் சுழற்சி முறையில் பயிற்சி தரும், பெரிய மருத்துவமனையோடு இணைந்த படிப்பாகப் பாருங்கள். கல்லூரிக்கு நேரில் போகும்போது கட்டடத்தையும் ஆய்வகத்தையும் காட்டுவார்கள். அதோடு திரும்பிவிடாதீர்கள். இறுதியாண்டு மாணவர் ஒருவரை ஓரமாகக் கூப்பிட்டு, ஐ.சி.யு.வில் நீயே கையால் எத்தனை படம் எடுத்திருக்கிறாய் என்று கேளுங்கள். பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி என்றால், அடுத்த கல்லூரிக்குப் போகலாம்.