விண்டோஸ் 10 இலிருந்து லினக்ஸ் மின்டுக்கு: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. அதன்பிறகு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறியவர்களும் மாற யோசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பதில்கள் எல்லாம் மின்ட் 22 ஐ வைத்தே.

உவர்மலை: அண்ணா, ஆறாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம் லப்டொப். விண்டோஸ் 11 ஏறாதாம். மின்ட் ஓடுமா?

ஓடும் தம்பி. விண்டோஸ் 11 இன்டெலின் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளதை ஏற்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேறு கேட்கும். மின்டுக்கு இரண்டும் வேண்டாம். குறைந்தது 2 ஜிபி ரேம், வசதியாக ஓட 4 ஜிபி என்பது மின்ட் சொல்லும் கணக்கு. 4 ஜிபிக்குச் சின்னமன் பதிப்பை விட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகு. இரண்டிலும் ரேமைத் தின்பது பிரவுசர்தான், எட்டு தாவலைத் திறந்து வைத்துவிட்டு லினக்ஸைக் குறை சொல்லக்கூடாது. உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், கையில் உள்ள காசை முதலில் எஸ்எஸ்டியில் போடுங்கள். 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை புதுப்பிப்பு வரும்.

எல்லாருக்கும் ஒன்று: நிறுவமுன் பென்ட்ரைவிலிருந்தே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் வைஃபை, உங்கள் பிரிண்டர், உங்கள் டொங்கிள், நீங்கள் அடித்த ஒரு தமிழ்க் கோப்பு, இந்த நான்கையும் அதிலேயே சோதிக்கலாம். வேகத்தை மட்டும் அதை வைத்துக் கணிக்காதீர்கள், பென்ட்ரைவில் எதுவும் மெதுவாகத்தான் ஓடும்.

நிலாவெளி: மின்டின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவைப் பென்ட்ரைவில் கொப்பி பண்ணிச் செருகினேன். விண்டோஸ்தான் திறக்குது.

கொப்பி பண்ணினால் சரிவராது. ரூஃபஸ் அல்லது எட்சர் மென்பொருள் கொண்டு எழுத வேண்டும். ஐஎஸ்ஓவை நேரே தொடங்க விடும் வென்டோய் மென்பொருள் போட்ட பென்ட்ரைவ் என்றால் மட்டும் கொப்பி போதும். பிறகு கணினியைப் போட்டவுடன், எதிலிருந்து தொடங்குவது என்ற தெரிவுப் பட்டியலுக்கான விசை: எச்பிக்கு எஃப்9, டெல்லுக்கும் லெனோவோவுக்கும் எஃப்12, ஆசுஸ் லப்டொப்புக்கு எஸ்கேப். ஏசரில் எஃப்12 தான், ஆனால் பல மாதிரிகளில் கணினியின் அடிப்படை அமைப்பான பயோஸுக்குள் போய் அதை இயக்கி விட வேண்டும்.

கிண்ணியா: சேர், இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டாச்சு. லினக்ஸில் டி டிரைவ் திறக்குது, ஒன்றும் சேமிக்கேலாது. விண்டோஸுக்குப் போனால் நேரமும் பிழை.

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால், ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக நிற்பதில்லை, பாதித் தூக்கத்தில் கிடக்கும். அந்த நிலையில் எழுதினால் கோப்புகள் கெடும் என்பதால் லினக்ஸ் வாசிக்க மட்டும் விடுகிறது. விண்டோஸில் கொன்ட்ரோல் பெனல், பவர் ஒப்ஷன்ஸ், பவர் பட்டன்கள் என்ன செய்யும் என்ற பகுதிக்குப் போய் அதன் சரிக்குறியை எடுத்து, முழுதாக ஒருமுறை நிறுத்துங்கள்.

நேரத்தில் பிழை சரியாக ஐந்தரை மணிதானே? தாய்ப்பலகைக் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுக்கும். மின்டில் கட்டளை அடிக்கும் டெர்மினலில் 'timedatectl set-local-rtc 1' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள், இடைவெளி இரண்டே இடத்தில். தீர்ந்தது.

தம்பலகாமம்: நிறுவும்போது டி டிரைவில் இருக்கிற படங்கள் அப்படியே இருக்கும்தானே?

உறுதியில்லை. விண்டோஸைத் திரும்பப் போடும்போது சி மட்டும் அழிந்து டி தப்பும் பழக்கத்தில் கேட்கிறீர்கள். சியும் டியும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரு துண்டுகள். மின்டில் 'இறேஸ் டிஸ்க்' என்பதைத் தெரிவு செய்தால் டிஸ்க் முழுதும் போகும். வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே நிறுவுங்கள்.

மூதூர்: வேர்ட்டில் அடித்த பரீட்சைத் தாள் மின்டோடு வரும் லிப்ரே ஒஃபிஸில் இரண்டு பக்கம் மூன்று பக்கமாகுது, தம்பி.

எழுத்துருதான் டீச்சர். கலிப்ரி மின்டில் இல்லை. அதே அகலத்தில் செய்யப்பட்ட கார்லிட்டோ இருந்தால் வரிகள் அதே இடத்தில் முறியும். கேம்ப்ரியாவுக்குக் கலடியா, ஏரியலுக்கும் டைம்ஸுக்கும் லிபரேஷன். சொஃப்ட்வெயார் மனேஜரில் தேடிப் போடுங்கள். தாள் ஏ4 இல் இருக்கிறதா, லெட்டரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அச்சுக்கு அனுப்புவதை எப்போதும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

திருகோணமலை நகர், தட்டச்சுக் கடை: பாமினி எழுத்துருவைப் போட்டாச்சு. ஆனால் ஒவ்வொரு வசனத்திலும் முதல் எழுத்துத் தானாக மாறுது. 'த' அடித்தால் 'து' ஆகுது.

நல்ல கேள்வி. பாமினியில் கணினிக்குத் தெரிவது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது, அவ்வளவே. ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஜே' திரையில் 'த', பேரெழுத்து 'ஜே' திரையில் 'து'. வசனத்தின் முதலெழுத்தைப் பேரெழுத்தாக்குவது லிப்ரே ஒஃபிஸின் இயல்பு, அதனால் 'த' 'து' ஆகிறது. 'ம' 'மு' ஆவதும் 'ப' 'பு' ஆவதும் இதனால்தான். வேர்ட்டிலும் இது உண்டு, உங்கள் பழைய கணினியில் யாரோ எப்போதோ நிறுத்தி வைத்திருப்பார்கள்.

டூல்ஸ், ஆட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ். அதில் வசன முதலெழுத்து, இரட்டைப் பேரெழுத்துத் திருத்தம் இரண்டையும் எடுங்கள். மேற்கோள் குறிகளைத் தானாக வளைப்பதையும் எடுங்கள். சிவப்புக் கோடு போக அந்தப் பந்திகளின் மொழியை 'நன்' (None, மொழி எதுவுமில்லை) என்று வையுங்கள். இன்னொன்று: பாமினியை மேற்கத்திய எழுத்துரு இடத்தில்தான் தெரிவு செய்ய வேண்டும். கணினியே தமிழ் என்று அறியும் யுனிகோட் தமிழுக்கு அதற்கு மாறாக, லாங்குவேஜஸ் அமைப்பில் கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கி, அதற்குரிய எழுத்துரு இடத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றதைக் கொடுக்க வேண்டும்.

புதிய வேலைகளையாவது யுனிகோட்டில் தொடங்குங்கள். பாமினியில் அடித்ததை வாட்ஸப்பில் ஒட்டினால் குப்பைதான் வரும்.

கணினி வகுப்பு மாணவர், பாலையூற்று: பாமினியை இன்னும் வைத்திருப்பதால்தான் இந்தச் சிக்கல் எல்லாம். உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் அடிக்கும் ஒலிப்பு முறையில் ஒரு வாரத்தில் பழகலாமே?

அதே தட்டச்சுக் கடை: தம்பி, ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் உறுதிப் பத்திரம் அடிச்சுப் பாரும், பிறகு ஒலிப்பு முறையைப் பற்றிக் கதைப்பம்.

அச்சகம், நகர்: பக்கம் வடிவமைக்கும் பழைய பேஜ்மேக்கரில் யுனிகோட் தமிழ் ஏறாது. பழைய கல்யாண அழைப்பிதழ் வடிவம் எல்லாம் பாமினியில் கிடக்கு. அவற்றைக் கடலிலா போட?

மூவரும் வெவ்வேறு விடயத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிறீர்கள். விரல் எந்த விசையைத் தொடுகிறது என்பது ஒன்று, கோப்பில் என்ன பதிகிறது என்பது இன்னொன்று. தட்டச்சுப்பொறிப் பழக்கத்தை வைத்துக்கொண்டே யுனிகோட் அடிக்கலாம். சொஃப்ட்வெயார் மனேஜரில் தமிழ் விசைப்பலகைகளைத் தரும் ஐபஸ்-எம்17என் போட்டு, வெளியேறி மீண்டும் உள்நுழைந்து, ஐபஸ் அமைப்பில் தமிழின் கீழ் ரங்கநாதன் முறையைச் சேருங்கள். தட்டச்சுப்பொறி வழி வந்த இலங்கை விசைப்பலகை அது. பாமினியிலிருந்து சில விசைகள் மாறும், அடித்தளம் ஒன்றே. புதிதாகப் பழகுபவர் தமிழ்99 எடுக்கட்டும், 'அம்மா'வில் வரும் இரட்டை மெய்க்குப் புள்ளி தானாக விழும். மாணவர் தம்பி, ஒலிப்பு முறைக்கு விசைத் தட்டு அதிகம். கடிதத்துக்குச் சரி, பிழைப்புக்கு அல்ல. கடைக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு.

அச்சகத்துக்கு: பேஜ்மேக்கர் கணினியை அப்படியே விடுங்கள், ஆனால் இணையத்தைக் கழற்றி விடுங்கள். புதிய பக்கங்களுக்கு, பக்கம் வடிவமைக்கும் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸ் 1.6 தமிழைச் சரியாகக் கோர்க்கும். பழையவற்றைப் பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றும் மாற்றியில் போடும்போது ஆங்கிலச் சொற்கள் கலந்த பகுதியைத் தனியே பிரித்துவிடுங்கள். இல்லையேல் ஆங்கிலப் பெயரும் விலாசமும் தமிழ்க் குப்பையாகும். மாற்றிய பின் கொம்புள்ள எழுத்துகளை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

மாணவர், மீண்டும்: அப்ப பாமினி நல்லதெண்டா சொல்றீங்கள்?

இல்லை. அடுத்த கேள்வி.

சீனக்குடா: கெனன் எல்பிபி 2900 பிரிண்டர் வேலை செய்யுமா?

மின்டுக்கு மாற நினைக்கும் கடைகள் கவனிக்க வேண்டிய பிரிண்டர் அது. கேப்ட் என்ற கெனனின் சொந்த மொழியில்தான் பேசும், செருகியவுடன் வேலை செய்யாது. டிரைவர் இருக்கிறது, கையால் பல படிகள். அதை நம்பி வாழும் கடை என்றால் ஒரு விண்டோஸ் கணினியை அதற்கென்றே வைத்து, பிடிஎஃப் அனுப்பி அச்சிடுங்கள். எச்பி லேசர்ஜெட் பி1102 இற்கு எச்பியின் லினக்ஸ் டிரைவரான எச்பிலிப்பின் கூடுதல் பிளக்-இன்னை இணையம் இருக்கும்போது இறக்க வேண்டும். எப்சன் எல் வரிசை பொதுவாகத் தொல்லை தராது.

சாம்பல்தீவு: டி டிரைவில் வைத்தால் கோப்புகள் பாதுகாப்புத்தானே?

தம்பலகாமத்துக்குச் சொன்னதை வாசிக்கவும்.

குச்சவெளி: எந்த லினக்ஸ் நல்லது? மின்டா, உபுண்டுவா, ஃபெடோராவா?

மின்ட்.

உப்புவெளி: புதிய லப்டொப், விண்டோஸ் 11 உடன் வந்தது. பக்கத்தில் மின்ட் போடலாமா?

போடலாம், ஆனால் முதலில் டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் பிட்லொக்கரைப் பாருங்கள். புதிய லப்டொப்களில் அது கேளாமலே இயங்கியிருக்கும். பயோஸில் 'செக்கியூர் பூட்' அமைப்பைத் தொட்டால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் அது இருக்கும், தாளில் எழுதி வைத்துவிட்டே கை வையுங்கள். நிறுவியில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால், பயோஸில் டிஸ்க் இணைப்பு முறை ஆர்எஸ்டி அல்லது ரெய்ட் என்று இருப்பதை ஏஎச்சிஐ ஆக்க வேண்டும். அதை மாற்றமுன் விண்டோஸைச் சேஃப் மோடுக்கு அமைத்துவிடுங்கள், இல்லையேல் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். என்விடியா கிராஃபிக்ஸ் சிப் இருந்தால் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டு, மீள ஏறும்போது நீலப் பட்டியல் ஒன்று வரும். அதில் 'என்ரோல் மொக்' என்பதைத் தெரிவு செய்து அதே சொல்லைக் கொடுங்கள். அவசரத்தில் தாண்டினால் டிரைவர் ஏறாது.

ஜமாலியா: வைஃபை பிடிக்கவில்லை. டிரைவர் இறக்க இணையம் வேண்டுமாம், இணையத்துக்கு வைஃபை வேண்டும். என்ன செய்ய?

தொலைபேசியை யூஎஸ்பி வயரால் செருகி, தொலைபேசியில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். மின்ட் உடனே வயர் இணைப்பாக எடுக்கும். பிறகு டிரைவர் மனேஜரைத் திறந்தால் புரோட்கொம் போன்ற சிப்புக்குரியதைக் காட்டும், போட்டு மறுதொடக்கம். டேட்டா குறைவென்றால் அப்டேட் மனேஜரின் தானியங்கிப் புதுப்பிப்பை அதுவரை நிறுத்தி வையுங்கள்.

கந்தளாய்: எல்லாம் போட்டு முடிச்சாச்சு அண்ணா. டி டிரைவ் காணேல்ல.

'இறேஸ் டிஸ்க்' கொடுத்திருந்தால் கணினியை இப்போதே நிறுத்துங்கள், ஒரு கோப்பும் அதில் எழுதாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டி டெஸ்ட்டிஸ்க் அல்லது ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள், மீட்டெடுப்பதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு.