பவர் சரிதான் என்கிறார்கள், ஆனால் புதுக் கண்ணாடியில் தலை வலிக்கிறது. சீட்டில் உள்ள 'ப்ரிசம்' கட்டம் எதற்கு?

ப்ரிசம் என்பது ஒரு பக்கம் தடித்த அடியும் மறுபக்கம் மெலிந்த முனையும் கொண்ட ஆப்பு வடிவம். அந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் உங்கள் கண்ணாடிக்குள் ப்ரிசம் இருக்கிறது. தலைவலிக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம்.

ப்ளஸ் லென்ஸை நடுவில் அறுத்துப் பாருங்கள். நடு தடிப்பு, ஓரம் மெலிசு. இரண்டு ப்ரிசங்களை அடியோடு அடி சேர்த்து ஒட்டினாற்போல இருக்கும். மைனஸ் லென்ஸில் முனையோடு முனை சேர்ந்திருக்கும், அதனால்தான் பவர் ஏறினால் ஓரம் தடிக்கிறது. ப்ரிசத்துக்குள் நுழையும் ஒளி தடித்த பக்கம் சாயும். பார்ப்பவருக்குப் பொருள் மெலிந்த பக்கம் நகர்ந்ததுபோல் தெரியும். 1 மீட்டரில் 1 செ.மீ. நகர்த்தினால் அது 1 ப்ரிசம் டயாப்டர்.

லென்ஸின் ஒளி மையத்தில் மட்டும் இந்த நகர்வு இல்லை. மையத்தை விட்டு விலகினால் எவ்வளவு ப்ரிசம் சேரும் என்பதற்கு பிரென்டிஸ் விதி: விலகிய தூரத்தை செ.மீ.யில் எடுத்து லென்ஸ் பவரால் பெருக்குங்கள்.

ஒரு கணக்கு போடுவோம். இரண்டு கண்ணுக்கும் −6.00. கருவிழி நடுவிலிருந்து நடு வரை, அதாவது பி.டி., 60 மி.மீ. எடுத்த ஃபிரேமின் உட்பக்கம் 54□18 என்று அச்சிட்டிருக்கிறது: ஒரு லென்ஸின் அகலம் 54, மூக்குப் பாலம் 18. கூட்டினால் 72. பி.டி.யைவிட 12 மி.மீ. அதிகம், ஆகவே ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 6 மி.மீ. உள்ளே, மூக்குப் பக்கம் தள்ளி வெட்ட வேண்டும். இங்கேதான் சிக்கல். அந்த ஃபிரேமின் நீண்ட குறுக்களவு 57 மி.மீ. என்றும், கையில் இருக்கும் ரெடிமேட் லென்ஸ் 65 மி.மீ. வட்டு என்றும் வையுங்கள். தேய்ப்புக்கு ஓரம் விட்டால் 3 மி.மீ.க்கு மேல் தள்ள இடமில்லை. மையங்கள் 66-இல் நின்றுவிடும். மீதி 3 மி.மீ., அதாவது 0.3 செ.மீ. × 6 = கண்ணுக்கு 1.8, இரண்டு கண்ணுக்கும் 3.6 ப்ரிசம். பவர் அளக்கும் லென்ஸ்மீட்டரில் வைத்தால் பவர் −6.00 என்றே காட்டும். கடைக்காரர் சொல்வதும் பொய்யில்லை.

இந்த 3.6, தடித்த பக்கம் மூக்கை நோக்கிய 'பேஸ் இன்'. கண்கள் வெளிப்பக்கம் விலகினால்தான் இரண்டு பிம்பமும் ஒன்று சேரும். உள்ளே குவிய நம் கண்ணுக்கு நல்ல பலம் உண்டு, வெளியே விலகத்தான் பலம் போதாது. மேல் கீழாக வந்தால் இன்னும் மோசம். ஒரு லென்ஸ் மட்டும் 2 மி.மீ. உயர்ந்திருந்தால் இதே பவரில் 1.2 ப்ரிசம், பலருக்கு அரை ப்ரிசமே தொந்தரவு தரும். காது உயர வித்தியாசத்தால் ஃபிரேம் சாய்ந்திருந்தாலும் இதுதான் நடக்கும். அப்போது லென்ஸை மாற்ற வேண்டாம், காம்பை வளைத்தாலே போதும்.

மருத்துவர் அந்தக் கட்டத்தில் வேண்டுமென்றே எழுதுவதும் உண்டு. மாறுகண்ணாலோ நரம்பு பலவீனத்தாலோ எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிபவருக்கு, பிம்பத்தைக் கண் இருக்கும் திசைக்கு நகர்த்தித் தருவதற்காக. அளவு பெரிதாகவோ தற்காலிகமாகவோ இருந்தால் ஃபிரெனல் ஷீட்: சுமார் 1 மி.மீ. தடிப்பில் வரிவரியான பிளாஸ்டிக் தாள். லென்ஸ் வடிவத்துக்குக் கத்தரித்து, தண்ணீருக்குள் வைத்தே உட்புறம் ஒட்டுவார்கள். தண்ணீருக்கு வெளியே ஒட்டினால் காற்றுக் குமிழி நிற்கும். பார்வை கொஞ்சம் மங்கும், அது தாளின் குணம்.

பைஃபோகலில் (மேலே தூரப் பார்வைக்கும் கீழ்த் துண்டில் படிக்கவும் இரண்டு பவர் உள்ள லென்ஸ்) கோட்டைத் தாண்டும்போது எழுத்து துள்ளுவதும் ப்ரிசம்தான். கோட்டிலிருந்து கீழ்த் துண்டின் மையம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு துள்ளும். 22 மி.மீ. வட்டத் துண்டில் அது 11 மி.மீ.; +2.00 அடிஷனுக்கு (படிக்கக் கூட்டும் பவர்) 2.2 ப்ரிசம். டி வடிவத்தில் மையம் 5 மி.மீ. கீழே என்றால் 1 ப்ரிசம். படிக்கட்டில் தடுமாறுகிறவருக்கு வட்டத்தைவிட டி நல்லது. பாலிகார்பனேட் லென்ஸின் ஓரத்தில் வெள்ளை எழுத்துக்கு நீல, மஞ்சள் விளிம்பு தெரிவதும் அதே ப்ரிசம் நிறம் பிரிப்பதால்தான். அதன் அபே எண் 30, சாதாரண பிளாஸ்டிக் லென்ஸான சி.ஆர்.-39-க்கு 58. எண் குறையக் குறைய நிறப் பிரிவு கூடும்.

 

வீட்டில் சோதிக்கலாம். ஒரு கண்ணை மூடி, கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து (ப்ளஸ் பவர் என்றால் ஒரு சாண் தூரம் போதும்), தூரத்து ஜன்னலின் நிமிர்ந்த சட்டத்தைப் பாருங்கள். லென்ஸுக்கு உள்ளே தெரியும் கோடும் வெளியே தெரியும் கோடும் ஒரே நேராக வரும்வரை இடவலமாக நகர்த்துங்கள். படுக்கைச் சட்டத்துக்கும் அப்படியே. கோடுகள் வெட்டும் இடத்தில் மார்க்கர் புள்ளி. இரண்டு லென்ஸிலும் குறித்து, புள்ளிகளின் இடைவெளியை அளந்து சீட்டின் பி.டி.யோடு ஒப்பிடுங்கள். ஒரு புள்ளி மேலும் ஒன்று கீழும் இருக்கிறதா என்றும் பாருங்கள். லென்ஸைச் சுழற்றும்போது கோடு கத்தரிக்கோல்போல் சாய்ந்தால் சிலிண்டர், அதாவது திசைக்குத் திசை மாறும் பவர், இருக்கிறது. அதுவும், கோடில்லாமல் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் லென்ஸும் இந்த முறைக்கு ஒத்துவராது.

வித்தியாசம் 2, 3 மி.மீ. இருந்து பவரும் 4-க்கு மேல் என்றால் கடையில் "பவரைப் பாருங்கள்" என்று கேட்காதீர்கள். "மையங்களின் இடைவெளியை மீட்டரில் குறித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். மாற்றித் தரும்போது அதே பெரிய ஃபிரேமில் 65 வட்டையே போட்டால் மறுபடியும் 66-தான் வரும். 75 வட்டு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் 48 அல்லது 50 அகல ஃபிரேமுக்கு இறங்குங்கள். ஓரத் தடிப்பும் கூடவே குறையும்.