மகள் மனநல வைத்தியராகப் போகிறேன் என்கிறா, விடலாமோ?

அம்மா, மகள் யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் மூன்றாம் வருடம். மனநலத்தில் நிபுணராக வேண்டும் என்று அவ நிற்க, "விசர் டொக்டரோ?" என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள். இன்றைக்கே முடிவெடுக்கத் தேவையில்லை. மனநல மருத்துவம் இறுதி வருடத்தில் தனிப் பாடமாக வரும். அதைச் செய்த பிறகும் ஆசை குறையாவிட்டால் தடுக்காதீர்கள்.

பாதை நீளமானது. எம்.பி.பி.எஸ். 5 வருடம், உள்ளகப் பயிற்சி 1, பிறகு ஒரு வருடமாவது சேவை. அதற்குப் பிறகுதான் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் தெரிவுப் பரீட்சை. தேறினால் ஏறத்தாழ 3 வருடப் பயிற்சி, எம்.டி. பரீட்சை, பின்னர் உள்நாட்டிலும் வெளிநாட்டிலுமாக 2 வருடம். பெறுபேற்றுக்கும் நியமனத்துக்கும் காத்திருக்கும் மாதங்களையும் சேர்த்தால் 13, 14 வருடம் ஆகும். விதிகள் மாறுவதுண்டு, விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவித்தலைப் பாருங்கள். இவ்வளவு காலம் படிக்க முடியாவிட்டால் மனநல மருத்துவத்தில் ஒரு வருட டிப்ளோமா இருக்கிறது. நிபுணர் பதவி கிடைக்காது, ஆனால் ஊர் ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவுகளுக்கு அவர்கள் மிகவும் தேவை.

கெட்டிக்காரப் பிள்ளைகளும் சறுக்குவது மொழியில்தான். கிளினிக்கில் ஒரு தாய் வந்து, "நெஞ்சு பதைக்குது, ஒரே யோசினை, நித்திரை இல்லை" என்பா. ஆங்கிலத்தில் குறிப்பெழுதும் பயிற்சி வைத்தியர் முதல் சொல்லை மட்டும் பிடித்து ஈசிஜிக்கு அனுப்பிவிடுவார். ஈசிஜி எடுக்கட்டும், பிழையில்லை. ஆனால் அந்த "யோசினை"க்குள் காணாமல் போன மகனும், கட்டாத கடனும் இருக்கலாம். என்ன யோசினை, எப்ப தொடங்கினது, சாகலாம் போல இருக்கோ என்று கேட்காவிட்டால் நோய் பிடிபடாது. அதோடு பயிற்சியில் தெற்கில் வேலை செய்ய நேரும். சிங்களம் தெரியாமல் அங்கொடை மனநல ஆஸ்பத்திரி வார்டில் நின்றால் பாதிக் கதை தப்பிவிடும். இப்போதே பேச்சுச் சிங்களம் பழகட்டும்.

முழுவதையும் லண்டனில் படித்தால் என்ன என்று கேட்டீர்கள். அப்படிப் போனவர்களில் பலர் அங்கேயே தங்கிவிடுவார்கள். உள்நாட்டிலேயே பழக்கலாம் என்பதற்கு எத்தியோப்பியா ஒரு உதாரணம். அங்கே 2003இல் அடிஸ் அபாபா பல்கலைக்கழகம் சொந்தப் பயிற்சியைத் தொடங்கியபோது, 7 கோடி பேருக்கு 11 மனநல வைத்தியர்களே இருந்தார்கள். டொரொண்டோவிலிருந்து ஆசிரியர்கள் வருடத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு ஒரு மாதம் போய்க் கற்பித்தார்கள். மாணவர்கள் தங்கள் நோயாளிகளிடமே, தங்கள் மொழியிலேயே தொழில் பழகினார்கள். எங்களுக்கு அந்தப் பயிற்சி உள்நாட்டிலேயே இருக்கிறது, வெளிநாட்டு அனுபவமும் அதற்குள் ஒரு வருடமாக வருகிறது. திரும்பி வந்து வேலை செய்வதாக அரசோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத்தான் வெளிநாடு போவார்கள் என்பதால், பிணையாளிகளாகும் நீங்களும் அதை வாசித்துக்கொள்ளுங்கள்.

கலியாணம், மரியாதை பற்றிய பயம் எனக்கு விளங்குகிறது. ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது என்பதற்காக மந்திகை என்ற ஊர்ப்பெயரையே வசையாக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பேச்சுக்குப் பயந்து எத்தனையோ குடும்பம் பிள்ளையை வருடக்கணக்கில் பூட்டி வைத்துவிட்டுக் கடைசியில்தான் வைத்தியரிடம் கொண்டுவருகிறது.

அடுத்த விடுமுறையில், அனுமதி கேட்டுத் தெல்லிப்பழை மனநலப் பிரிவின் கிளினிக்கில் நான்கு நாள் உட்காரச் சொல்லுங்கள். நோயாளிகளின் பெயரை எழுதாமல், அவர்கள் தங்கள் வேதனைக்குச் சொல்லும் தமிழ்ச் சொற்களை மட்டும் ஒரு கொப்பியில் குறிக்கட்டும். ஐந்தாம் நாளும் போக வேண்டும் என்று அவவாகவே கேட்கிறாவோ என்று கவனித்துவிட்டு, வந்து சொல்லுங்கள்.