பூந்தொட்டி செய்தால் போதுமா?

கேள்வி: டீச்சர், மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். 'கழிவிலிருந்து கைவினை' என்று பள்ளியில் அடிக்கடி செய்துவரச் சொல்கிறார்கள். பாட்டிலில் பூந்தொட்டி செய்ய ஜிகினா, பசை, கலர் பேப்பர் எல்லாம் புதிதாக வாங்குகிறேன். கொஞ்ச நாளில் குப்பைக்குப் போகிறது. பிள்ளைக்கு மறுசுழற்சி புரிகிற மாதிரி என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, தொண்டி

பதில்: நீங்கள் கேட்பது நியாயம்தான் தங்கச்சி. அந்தப் பாட்டிலைக் கழுவிக் காயலான் கடையில் போட்டிருந்தால் உருக்கி நூலாக்கியிருப்பார்கள். ஜிகினாவும் பெயின்டும் அப்பியதைக் கடைக்காரர் ஓரமாகத் தூக்கி வைத்துவிடுவார். மறுசுழற்சி என்று பேர் சொல்லி, அதற்குப் போக வேண்டியதைக் கெடுக்கிறோம்.

மண்டபம் பால்வாடியில் என் பிள்ளைகள் காகிதம் செய்வார்கள். எழுதி முடித்த நோட்டைப் பொடிசாகக் கிழிக்க விடுங்கள் (கிழிக்க எந்தப் பிள்ளைக்கும் பாடம் நடத்த வேண்டாம்). கூடவே ஒரு பிஸ்கட் உறையையும் கிழித்துப் போட்டு ராத்திரி ஊறவையுங்கள். காலையில் அவளையே கையால் பிசையச் சொல்லுங்கள். காகிதம் கூழாகும், உறை அப்படியே கிடக்கும். "இது மட்டும் ஏன் கரையலை?" என்று அவளே கேட்பாள். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வேலையும்.

உறையைப் பொறுக்கிவிட்டு, கூழை மிக்ஸியில் நீங்கள் அரைத்துக் கொடுங்கள். அகலமான பேசினில் நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, பழைய மாவுச் சல்லடையை உள்ளே விட்டு மட்டமாகத் தூக்கினால் மெல்லிசாகப் படியும். வேட்டித் துணியில் கவிழ்த்து, உள்ளங்கையால் ஒற்றி எடுத்துக் காயவையுங்கள். நம் பக்கத்துக் காற்றுக்கு ஓரங்களில் கல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தெருவில் போய்ப் பொறுக்குவீர்கள். காய்ந்ததில் படம் வரைந்து பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள்.

அடுத்த முறைக்குத் தண்ணீர் பாட்டில். உடம்பில் ஒரு துண்டு வெட்டி, மூடியோடு சேர்த்துத் தண்ணீரில் நன்றாக முக்கி விடுங்கள். துண்டு அடியில் போகும், மூடி மேலே வரும். இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று பிளாஸ்டிக் வகையைச் சொல்லும் எண் இருக்கும், அவளையே தேடச் சொல்லுங்கள். மறுசுழற்சி ஆலையிலும் நறுக்கிய சில்லுகளை இப்படி மூழ்கவிட்டு, மிதக்கவிட்டுத்தான் பிரிக்கிறார்கள். அப்புறம் காயலான் கடைக்கு அவளையும் கூட்டிப்போய், காசை அவள் கையிலேயே வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கரையில் கிடக்கும் வலைத்துண்டு, சங்கு, பவளக்கல் எல்லாம் பொறுக்கிப் பேரனுக்குப் பொம்மை செய்கிறேன். தப்பில்லையே?
— ஒரு தாத்தா, ஏர்வாடி

பதில்: வலைத்துண்டை எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள் ஐயா. நைலான் லேசில் மக்காது, ஆமை வந்து மாட்டிக்கொள்ளும். தூண்டில் முள் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பேரன் கையில் கொடுங்கள். பவளக்கல் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது வருகிறது, சங்கிலும் சில வகைகள் உண்டு. செத்து ஒதுங்கியது என்று சொல்லித் தப்ப முடியாது. பொம்மைக்குக் கண் வேண்டுமென்றால் புளியங்கொட்டை போதும், உடம்புக்குப் பனையோலைக்கா நம் ஊரில் பஞ்சம்?