டிவிடி டிரைவ் இல்லாத லேப்டாப்பில் ஓஎஸ் ஏற்றுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2011-இல் வாங்கிய லேப்டாப். டிவிடி டிரைவ் பழுது. விண்டோஸ் 10 ஐஎஸ்ஓ கோப்பை டவுன்லோடு செய்து 16 ஜிபி பென் டிரைவில் காப்பி செய்தேன். செருகி ஆன் செய்தால் பழைய விண்டோஸ்தான் வருகிறது. எங்கே தப்பு?

பதில்: காப்பி செய்ததில்தான் தப்பு. ஐஎஸ்ஓ (முழு நிறுவல் டிஸ்க்கையும் ஒரே கோப்பாகச் சுருட்டி வைத்தது) ஒரு கோப்பாக பென் டிரைவுக்குள் கிடந்தால், பயாஸைப் (ஆன் செய்ததும் முதலில் ஓடி ஓஎஸ்ஸைக் கிளப்பும் நிரல்) பொறுத்தவரை அதுவும் ஒன்று, ஒரு புகைப்படம் கிடப்பதும் ஒன்று. ஆன் செய்ததும் பயாஸ் கோப்பு எதையும் தேடுவதில்லை. டிரைவின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கிறது. அதில் 446 பைட் துவக்க நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு (டிரைவ் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு), கடைசி 2 பைட் 'இதிலிருந்து கிளம்பலாம்' என்ற முத்திரைக்கு. நிரலோ முத்திரையோ இல்லையென்றால் பயாஸ் அடுத்த டிரைவுக்குப் போய்விடும். அங்கே உங்கள் பழைய விண்டோஸ் தயாராக உட்கார்ந்திருக்கிறது.

ஐஎஸ்ஓவைப் பிரித்துப் போட்டு, அந்த முதல் 512 பைட்டையும் சரியாக எழுதித் தர ஒரு மென்பொருள் வேண்டும். ரூஃபஸ் போதும், இலவசம், நிறுவக்கூட வேண்டாம். இன்னொரு கணினியில் அதைத் திறங்கள். 'டிவைஸ்' என்ற இடத்தில் பென் டிரைவ் தெரியும். 'செலக்ட்' அழுத்தி ஐஎஸ்ஓவைக் காட்டுங்கள். இனி வருவதுதான் கவனிக்க வேண்டிய இடம்: 'பார்ட்டிஷன் ஸ்கீம்'. எம்பிஆர் (பழைய முறை), ஜிபிடி (புதிய முறை) என்று இரண்டு இருக்கும். 2011 வாக்கில் வந்த லேப்டாப்பில் பெரும்பாலும் பழைய பயாஸ்தான் இருக்கும், அதனால் எம்பிஆர். அதைத் தேர்ந்தால் 'டார்கெட் சிஸ்டம்' தானாக பயாஸுக்கு மாறிவிடும். ஜிபிடி என்று எழுதிய பென் டிரைவை பழைய பயாஸ் லேப்டாப் திரும்பிக்கூடப் பார்க்காது. மேம்பட்ட டிரைவ் பண்புகள் பகுதியில் பழைய பயாஸுக்கான திருத்தங்களைச் சேர்க்கச் சொல்லும் ஒரு கட்டம் உண்டு. முதல் முறை கிளம்பவில்லை என்றால் அதில் டிக் போட்டு மறுபடி எழுதிப் பாருங்கள்.

பென் டிரைவ் குறைந்தது 8 ஜிபி வேண்டும். அதில் இருப்பதெல்லாம் அழியும். எழுதப் பயன்படும் கணினியில் விண்டோஸ் 7 இருந்தால் ரூஃபஸின் 4-ஆம் பதிப்பு ஓடாது. அதற்கு 3.22 தேவை.

எழுதி முடித்ததும் லேப்டாப்பை முழுதாக அணைத்து, பென் டிரைவைச் செருகி, ஆன் செய்த உடனே பூட் மெனு விசையை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், தோஷிபா, திங்க்பேட் என்றால் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப் அழுத்தி, பிறகு எஃப்9. ஆசூஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அது முடக்கப்பட்டிருக்கும். எஃப்2 அழுத்தி செட்டப்புக்குள் போய் 'எஃப்12 பூட் மெனு' என்பதை எனேபிள் செய்த பிறகே வேலை செய்யும். லெனோவா ஐடியாபேடில் பவர் பட்டன் பக்கத்திலோ ஓரத்திலோ ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும். அணைத்த நிலையில் அதை அழுத்தினால் மெனு வரும்.

கோப்புகள் நகலாகி முதல் முறை ரீஸ்டார்ட் ஆகும்போது பென் டிரைவை உருவிவிடுங்கள். பூட் வரிசையில் பென் டிரைவை முதலில் வைத்தவர்களுக்கு, உருவ மறந்தால் நிறுவல் ஆரம்பத்திலிருந்து தொடங்கும். எத்தனை தடவை செய்தாலும் முடியாது. பழைய பேட்டரியை நம்ப வேண்டாம், சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

கேள்வி: கோர் 2 டுயோ, 2 ஜிபி ரேம். இதில் எதைப் போடலாம்? விண்டோஸ் 11 போட வழி உண்டா?

பதில்: விண்டோஸ் 11-ஐ மறந்துவிடுங்கள். அதற்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்), செக்யூர் பூட் (நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் கிளம்ப விடும் வசதி), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். தடையைச் சுற்றிப் போகும் வித்தைகள் உண்டுதான். ஆனால் 24ஹெச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் இல்லாத புராசசரில் அது கிளம்பவே கிளம்பாது. கோர் 2 டுயோவில் அவை இல்லை.

விண்டோஸ் 10 ஏறும். ஆனால் 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. இன்டர்நெட்டுக்குப் போகாத கணினி என்றால் பரவாயில்லை. பேங்க் வேலை பார்க்கும் கணினி என்றால் வேண்டாம்.

லினக்ஸ்தான் சரி. லினக்ஸ் மின்ட் 2 ஜிபி ரேமில் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. உங்களுக்கு மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு அல்லது லுபுன்டு பொருந்தும். ஓஎஸ் எவ்வளவு லேசாக இருந்தாலும் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் 2 ஜிபி தீர்ந்துபோகும். ஆகவே ஓஎஸ்ஸைத் தேடித் தேடி மாற்றுவதைவிட ரேமை 4 ஜிபி ஆக்கி, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போடுவது அதிகப் பலன் தரும். வாங்கும்முன் பழைய டிஸ்க்கின் தடிமனைப் பாருங்கள். அது 9.5 மில்லிமீட்டர், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் என்றால் இடைவெளிக்கு ஒரு சட்டம் வைக்க வேண்டியிருக்கும்.

'2' இல்லாத வெறும் கோர் டுயோ, பென்டியம் எம், ஆட்டம் என்270 ஆகியவை 32-பிட் புராசசர்கள். இவற்றில் 64-பிட் ஐஎஸ்ஓ கிளம்பாது. 32-பிட் லினக்ஸ் அருகி வருகிறது. டெபியன் 12 வரை 32-பிட் நிறுவி இருந்தது. 2025-இல் வந்த டெபியன் 13-இல் இல்லை. ஆன்ட்டிஎக்ஸ் இன்னும் தருகிறது.

லினக்ஸில் இன்னொரு வசதி: நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஸ்பீக்கர், திரை வெளிச்ச விசை, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பதை எல்லாம் அரை மணி நேரம் சோதியுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் உள்ள கோப்புகளை வெளி டிரைவுக்கு மாற்றவும் அதுவே நல்ல நேரம்.

கேள்வி: டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், 'எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணை இருப்பதால் இதில் விண்டோஸை நிறுவ முடியாது' என்கிற மாதிரி செய்தி வருகிறது. டிஸ்க் பழுதா?

பதில்: டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. கணினி யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய முறை) வழியில் கிளம்பியிருக்கிறது, டிஸ்க்கோ பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் இந்த இரண்டையும் கலக்க விடாது. 2012-க்குப் பின் வந்த லேப்டாப்புகளில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் அவற்றுக்கு இரண்டு வழியும் தெரியும். பூட் மெனுவை உற்றுப் பாருங்கள். ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை இருக்கும், ஒன்றின் முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்ற சொல் இருக்கும். நீங்கள் அதைத் தேர்ந்திருக்கிறீர்கள்.

டிஸ்க்கில் உள்ள மற்ற பார்ட்டிஷன்கள் வேண்டும் என்றால், அந்தச் சொல் இல்லாத வரியைத் தேர்ந்து கிளம்புங்கள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால், பென் டிரைவை எம்பிஆர் முறையில் மறுபடி எழுதி, செட்டப்பில் 'லெகசி' அல்லது 'சிஎஸ்எம்' (இரண்டும் பழைய பயாஸ் வழியைக் குறிப்பவை) என்பதை எனேபிள் செய்யுங்கள்.

டிஸ்க் காலியாகலாம் என்றால் அதே திரையில் ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வரும். அதில் வரிசையாக: டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் 0, கிளீன், கன்வர்ட் ஜிபிடி. எல்லாம் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். 'லிஸ்ட் டிஸ்க்' காட்டும் அளவைப் பார்க்காமல் எண்ணைத் தட்டாதீர்கள். பென் டிரைவும் அந்தப் பட்டியலில் இருக்கும், வெளி டிரைவ் செருகியிருந்தால் அதுவும் இருக்கும். கிளீன் என்றதும் 'நிச்சயமா?' என்று கேட்காது. அழித்துவிடும்.

கேள்வி: ரூஃபஸில் சரியாகத்தான் எழுதினேன். பூட் மெனுவில் பென் டிரைவ் பெயரே வரவில்லை.

பதில்: முதலில் போர்ட்டை மாற்றுங்கள். யூஎஸ்பி 3.0 போர்ட்டை இன்டெல் தன் சிப்செட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது 2012-இல்தான். அதற்கு முந்தைய லேப்டாப்புகளில் நீல நிற போர்ட் தனி சிப்பில் ஓடுகிறது. விண்டோஸ் வந்தபின் அதற்கு டிரைவர் உண்டு, ஆனால் பயாஸுக்கு அப்படி ஒரு போர்ட் இருப்பதே பல சமயம் தெரியாது. உள்ளே கறுப்பு நாக்கு உள்ள 2.0 போர்ட்டில் செருகுங்கள், ஹப் வழியாக வேண்டாம். விண்டோஸ் 7 நிறுவும்போது 'டிரைவர் இல்லை' என்று பாதியில் நிற்பதும் பெரும்பாலும் இதனால்தான். அதன் நிறுவியில் யூஎஸ்பி 3.0 டிரைவர் கிடையாது.

அடுத்து, பயாஸ் செட்டப்பின் பூட் பக்கம். பல பழைய பயாஸ்கள் பென் டிரைவை 'ரிமூவபிள்' என்பதில் காட்டாமல் 'ஹார்டு டிரைவ்' என்ற வரிக்கு உள்ளே ஒளித்து வைக்கும். அந்த வரியில் என்டர் தட்டினால் உள்ளே இன்னொரு பட்டியல் விரியும். அதில் பென் டிரைவை மேலே ஏற்ற வேண்டும். செட்டப்பைத் திறக்கும்போதே பென் டிரைவ் செருகியிருந்தால்தான் பெயர் வரும். 'ஃபாஸ்ட் பூட்' இருந்தால் அணையுங்கள்.

மெனுவில் வந்தும் பாதியில் நின்றுபோனால் சந்தேகம் ஐஎஸ்ஓ மேல் போக வேண்டும். செவன்-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து எஸ்ஹெச்ஏ-256 (கோப்பு சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்) கணக்கிட்டு, டவுன்லோடு செய்த தளத்தில் கொடுத்துள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி டவுன்லோடுதான்.

கேள்வி: 2004 மாடல். பயாஸில் யூஎஸ்பி பூட் என்ற பேச்சே இல்லை. சிடி டிரைவும் போய்விட்டது.

பதில்: நான்கு வழி உண்டு. பழைய விண்டோஸ் இன்னும் ஓடுகிறது, அதைப் புதுப்பித்தால் போதும் என்பவர்களுக்கு பென் டிரைவே வேண்டாம். ஐஎஸ்ஓவைச் செவன்-ஜிப்பில் பிரித்து, உள்ளே இருக்கும் செட்டப்பை இயக்கலாம். 32-பிட் விண்டோஸுக்குள் 64-பிட் செட்டப் ஓடாது, அது ஒரு தடை. உங்கள் மாடலின் வயதைப் பார்த்தால் இது உதவுவது சந்தேகம்.

இரண்டாவது, பிளாப் பூட் மேனேஜர். இது தனக்கென்று யூஎஸ்பி டிரைவர் வைத்திருக்கும் குட்டி நிரல். பயாஸ் இதை ஹார்டு டிஸ்க்கிலிருந்து கிளப்பும், இது பென் டிரைவைக் கிளப்பும். யூஎஸ்பி 1.1, 2.0 மட்டும் தெரியும்.

மூன்றாவது, பிஎக்ஸ்இ பூட், அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாக இன்னொரு கணினியிலிருந்து கிளம்புவது. பயாஸில் 'நெட்வொர்க் பூட்' அல்லது 'லேன் பூட்' இருந்தால் முடியும். அந்த இன்னொரு கணினியில் டிஹெச்சிபி (நெட்வொர்க் முகவரி தருவது), டிஎஃப்டிபி (துவக்கக் கோப்புகளை அனுப்புவது) இரண்டையும் அமைக்க வேண்டும். வைஃபையில் இது நடக்காது. நெட்வொர்க் பரிச்சயம் உள்ளவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது: டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி அங்கேயே நிறுவுவது. அந்தக் கணினியின் சொந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டால் தவறான டிஸ்க்கில் எழுதும் பயமில்லை. லினக்ஸ் என்றால் முழுதாக முடித்தே திருப்பி மாட்டலாம். விண்டோஸ் என்றால் கோப்புகள் நகலாகி முதல் ரீஸ்டார்ட் வரும் இடத்தில் அணைத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள், மீதியை லேப்டாப்பிலேயே முடிக்கட்டும். இரண்டு கணினியும் பழைய பயாஸ் வழியில்தான் கிளம்ப வேண்டும். 2004 டிஸ்க் 44 ஊசி கொண்ட ஐடிஇ வகையாக இருக்கும். சாட்டா அடாப்டர் அதில் ஏறாது, ஐடிஇக்கான யூஎஸ்பி அடாப்டர் தேவை. ஆனால் யூஎஸ்பி வழியாக இணைத்த டிஸ்க்கில் விண்டோஸ் நிறுவி ஏற மறுக்கும், லினக்ஸ் ஏறும்.

கேள்வி: லினக்ஸ் நன்றாக நிறுவப்பட்டது. ஆனால் பென் டிரைவைச் செருகினால்தான் கிளம்புகிறது. எடுத்துவிட்டால் கறுப்புத் திரை.

பதில்: கிரப் என்ற துவக்க நிரல் ஹார்டு டிஸ்க்கில் எழுதப்படாமல் பென் டிரைவில் எழுதப்பட்டிருக்கிறது. பயாஸில் பென் டிரைவை முதல் ஹார்டு டிஸ்க்காக ஏற்றி வைத்ததன் பக்கவிளைவு. நிறுவி 'முதல் டிஸ்க்'கில் எழுதுகிறேன் என்று அதிலேயே எழுதிவிட்டது.

மறுபடி நிறுவ வேண்டாம். பென் டிரைவோடு கிளம்பி, டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே கட்டளை கொடுத்து அளவை வைத்து ஹார்டு டிஸ்க்கின் பெயரைக் கண்டுபிடியுங்கள். எஸ்டிஏ அல்லது எஸ்டிபி என்று இருக்கும். பிறகு கிரப்-இன்ஸ்டால் கட்டளையை அந்தப் பெயரோடு (பெயருக்கு முன்னால் /dev/ வேண்டும்), சூடோ சேர்த்துக் கொடுங்கள். பெயருக்குப் பின்னால் 1, 2 போன்ற பார்ட்டிஷன் எண் வரக்கூடாது. முழு டிஸ்க்கின் பெயர்தான் வேண்டும்.

கேள்வி: லினக்ஸ் போட்டபின் வைஃபை இல்லை. இன்டர்நெட் இல்லாமல் டிரைவர் எப்படி இறக்குவது?

பதில்: மொபைலை யூஎஸ்பி கேபிளில் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதைச் சாதாரண நெட்வொர்க் கேபிள் மாதிரி எடுத்துக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் டிரைவரைப் பரிந்துரைக்கும். பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் அந்த சிப்தான் தகராறு. இன்டர்நெட் வந்தும் எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை காட்டினால் தேதியைப் பாருங்கள். கணினி இன்னும் 2009-இல் இருந்தால், உள்ளே இருக்கும் சிமாஸ் பேட்டரி (தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் நினைவில் வைக்கும் குட்டி பேட்டரி) தீர்ந்துவிட்டது.

கேள்வி: லினக்ஸ் எழுதிய பிறகு என் 32 ஜிபி பென் டிரைவ் விண்டோஸில் சில எம்பி மட்டுமே காட்டுகிறது.

பதில்: லினக்ஸ் ஐஎஸ்ஓவின் பார்ட்டிஷன்களில் விண்டோஸுக்குப் புரிந்த ஒரு துண்டு மட்டும் தெரிகிறது. ரூஃபஸைத் திறந்து 'பூட் செலக்ஷன்' என்பதில் 'நான்-பூட்டபிள்' தேர்ந்து ஸ்டார்ட் கொடுங்கள். 32 ஜிபியும் திரும்பிவிடும்.