கண்ணாடியில் ஓட்டை: கேள்வி பதில்

மலேசியாவில், பினாங்கு மாநிலப் பட்டர்வொர்த்தில் கண்ணாடிக் கடைப் பட்டறையில் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் ஆளாளுக்குக் கேள்வி அனுப்பிவிட்டீர்கள். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, சுவரில் ஓட்டை போடும் டிரில் வீட்டில் இருக்கிறது. அதே பிட்டைக் கண்ணாடிக்கும் போடலாமா? (ஆயர் ஈத்தாம்)

டிரில் சரி, பிட் ஆகாது. சுவர் பிட் இடித்து இடித்து இறங்குவது. கண்ணாடி இடி தாங்காது. டிரில்லை இடிக்க வைக்கும் ஹேமர் சுவிட்சையும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். கண்ணாடிக்கு, முனை விளிம்பில் வைரத்தூள் ஒட்டிய குழாய் பிட் வேண்டும். அதில் பல் எதுவும் இருக்காது, தடவினால் சொரசொரக்கும், அவ்வளவுதான். சந்தனம் அரைப்பதுபோலத் தண்ணீர் விட்டு அரைத்துக்கொண்டே இறங்கும். வைரம் என்றதும் விலையை நினைத்துப் பயப்பட வேண்டாம். செயற்கை வைரத்தூள்தான், ஹார்ட்வேர் கடைகளிலேயே கிடைக்கும்.

மூன்றடி மீன் தொட்டியில் தண்ணீர் வழிந்தோட ஒரு குழாய் பொருத்த வேண்டும். எங்கே, எப்படி ஓட்டை போடுவது? (பிறை)

முதலில் அது டெம்பர்ட் கண்ணாடியா என்று பாருங்கள். பல கடைத் தொட்டிகளில் அடிப்பலகைக் கண்ணாடி அந்த வகைதான். டெம்பர்ட் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிர வைத்திருப்பார்கள். அதனால் மேல்தோல் இறுகி, உள்ளே இழுவிசை அடைபட்டுக் கிடக்கும். பிட் உள்ளே போனதும் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். மூலையில் டெம்பர்ட் முத்திரை இருந்தால் உடனே தெரிந்துவிடும். இல்லையென்றால் லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வைத்து, தொட்டிக்குப் பின்னால் நிறுத்தி, போலரைஸ்டு கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். திட்டுத்திட்டாகக் கறையோ கோடோ தெரிந்தால் டிரில்லைத் தொடாதீர்கள்.

சாதாரணக் கண்ணாடிதான் என்றால், ஓட்டையில் மாட்டி நட்டால் இறுக்கும் குழாய்ப் பொருத்தியை முதலில் வாங்கி, அதை அளந்துவிட்டுப் பிட் வாங்குங்கள். இரண்டும் கடைக்குக் கடை மாறும். ஓட்டையின் விளிம்புக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் நடுவே குறைந்தது ஓட்டையின் விட்டம் அளவு இடம் விடுங்கள். தொட்டியைக் காலி செய்து, ஓட்டை போடும் பக்கம் மேலே வரும்படி படுக்க வையுங்கள். இரு பக்கமும் டேப் ஒட்டி, குறித்த இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் வரப்பு கட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். பேட்டரி டிரில்தான் நல்லது. தண்ணீருக்குப் பக்கத்தில் 230 வோல்ட் வயர் எதற்கு?

குழாய் பிட்டுக்கு நடுமுனை கிடையாது, நேராக வைத்தால் வழுக்கி ஓடும். சாய்த்துத் தொடங்குங்கள். பிறை வடிவில் ஒரு கீறல் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். பிளைவுட்டில் அதே அளவு ஓட்டை போட்டு மேலே வைத்துப் பிடித்தாலும் சரி. 25 மில்லிமீட்டர் பிட் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்று போதும். பெரிதாகப் பெரிதாக வேகத்தைக் குறையுங்கள். அழுத்தவே வேண்டாம், டிரில்லின் எடையே போதும். பால் மாதிரி வெள்ளைக் குழம்பு வந்தால் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. கிரீச்சென்று சத்தம் ஏறினால் அடியில் தண்ணீர் போகவில்லை. பிட்டைத் தூக்கி, குழம்பைக் கழுவிவிட்டு மறுபடி வையுங்கள்.

பெரும்பாலும் உடைவது கடைசி ஒரு மில்லிமீட்டரில்தான். அது வரை பொறுமையாக இருந்தவர்கள்கூட ‘முடிந்துவிட்டது’ என்று அங்கே அழுத்திவிடுகிறார்கள், அடிப்பக்கம் சில்லு பெயர்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் கையைத் தளர்த்தித் தூக்கிப் பிடிக்க வேண்டும். அப்புறம் ரப்பர் வளையம் பொருத்தியின் தட்டைப் பக்கம் வரட்டும், நட்டுப் பக்கம் அல்ல. கையால் இறுக்கினால் போதும்.

டெம்பர்ட் கண்ணாடியில் ஓட்டை போடவே முடியாது என்கிறீர்கள். குளியலறைக் கண்ணாடிக் கதவில் ஓட்டை இருக்கிறதே? (புக்கிட் மெர்தாஜாம்)

டெம்பர் செய்வதற்கு முன்பே போட்டது. செய்த பிறகு யாராலும் முடியாது.

தீபாவளிக்குப் பழைய பாட்டிலுக்குள் சீரியல் பல்பு வைக்க ஆசை அண்ணா. வயர் போக ஒரு ஓட்டை வேண்டும். (பாயான் லெப்பாஸ்)

நல்ல யோசனை தங்கச்சி. பாட்டிலின் அடியை ஒட்டிய வளைவில் போடாதீர்கள். அங்கே கனம் ஒரே சீராக இருக்காது. இரண்டு விரல் மேலே ஏறிப் போடுங்கள். தட்டையான பாத்திரத்தில் ஈரத்துணி விரித்து, பாட்டில் உருளாதபடி அதில் படுக்க வையுங்கள். ஒருவர் மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கட்டும். பிளக் முனை நுழையாது என்பதால், வயரின் மறுமுனையைத்தான் உள்ளே விட வேண்டியிருக்கும். ஓட்டை விளிம்பு வயரின் தோலைச் சீவிவிடும், அதனால் ரப்பர் வளையம் கட்டாயம்.

தண்ணீருக்குப் பதில் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார் மாமா. (பிறை)

பழைய ஆட்கள் ஈட்டிமுனை பிட்டுக்கு அப்படி ஊற்றியது உண்மைதான். தீப்பொறி வரும் மோட்டார் பக்கத்தில் அது எதற்கு? மாமாவிடம் சண்டை போட வேண்டாம், தண்ணீரையே ஊற்றுங்கள்.

பத்து ஃபெரிங்கி கடற்கரையில் பொறுக்கிய, அலை தேய்த்த கண்ணாடித் துண்டுகளைக் கோத்து மாலை செய்யலாமா? (ஜார்ஜ் டவுன்)

தாராளமாக. 2 மில்லிமீட்டர் வைர பிட், சின்ன ரோட்டரி கருவி போதும். தட்டில் மரத்துண்டு வைத்து, அதன் மேல் கண்ணாடியை வைத்து, அது மூழ்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். பிட்டை அடிக்கடி தூக்கித் தூக்கி இறக்குங்கள். இவ்வளவு சின்ன ஓட்டைக்குள் தண்ணீர் தானாகப் போகாது. பாதி வரை போட்டுத் திருப்பி, மறுபக்கமிருந்து சேர்த்தால் விளிம்பு சுத்தமாக இருக்கும். கருவி மின்வயர் உள்ளதாக இருந்தால் அதன் உடல் தண்ணீரைத் தொடக் கூடாது.

முகம் பார்க்கும் கண்ணாடியில் ஆணிக்கு ஓட்டை போட்டேன், சில மாதத்தில் ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. (ஜெலுத்தோங்)

நம் ஊர் ஈரக்காற்று வெட்டுவாய் வழியே வெள்ளிப் பூச்சுக்குள் புகுந்துவிட்டது. கறுத்தது திரும்பாது. அடுத்த முறை ஓட்டை போட்டதும் நன்றாகக் காயவைத்து, விளிம்பில் நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு தடவை பூசுங்கள். இப்போதைக்கு அகலமான வாஷர் போட்டால் மறைந்துவிடும்.