செகண்ட் ஹேண்ட் எஸ்யூவி: இன்ஜின் சத்தத்தைக் கேட்டது போதும், கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். மதுரையில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா என வீட்டில் ஆறு பேர். மாதம் ஒருமுறை சொந்த ஊரான தென்காசிக்குப் போய்வருவோம். 2018 மாடல் மஹிந்திரா எக்ஸ்யூவி500 டபிள்யூ7 டீசல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்னைப் பதிவு, டிஎன் 14. இப்போதைய ஓனர் இரண்டாமவர், 2024 ஏப்ரலில் வாங்கினாராம். எட்டே முக்கால் லட்சம் சொல்கிறார். எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் வந்து இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு, எடுத்துக்கலாம்" என்றார். அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

பதில்: இன்னும் கொடுக்காதீர்கள். வண்டி மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆறு பேர் குடும்பத்துக்கு அந்தப் பணத்தில் அது நல்ல தேர்வுதான். பார்க்க வேண்டியதில் பாதியைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

உங்கள் மெக்கானிக்கின் காதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச், ரேடியேட்டர் எதுவானாலும் காசு கொடுத்தால் மாற்றிவிடலாம். செலவு வலிக்கும், வண்டி பிழைத்துவிடும். பாடி கோணிப்போனாலோ வயரிங்கில் தண்ணீர் ஏறியிருந்தாலோ அப்படி இல்லை. எவ்வளவு கொட்டினாலும் பழைய நிலைக்கு வராது. அதிலும் எக்ஸ்யூவி500 ஸ்கார்பியோ போலத் தனிச் சேஸியின் (அடிச்சட்டத்தின்) மேல் பாடியை உட்காரவைத்த வண்டி இல்லை. பாடியேதான் சேஸி. அதனால்தான் கார் மாதிரி சொகுசாக ஓடுகிறது. அதே காரணத்தால், ஒருமுறை பலமாக அடிபட்டு இழுத்து வெல்டிங் வைத்த வண்டியில் அலைன்மென்ட் நிற்காது, டயரைத் தின்றுகொண்டே இருக்கும். இன்னொரு விபத்து வந்தால் உள்ளே இருப்பவர்களை அந்தப் பாடி எப்படிக் காக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் பாடியை முதலிலும் இன்ஜினை இரண்டாவதாகவும் பார்ப்பது அதனால்தான்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது இரண்டு விஷயம். ஒன்று டிஎன் 14, அதாவது சோழிங்கநல்லூர். இன்னொன்று 2024 ஏப்ரல். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் தென்பகுதியில் கார்கள் தண்ணீரில் நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். அடுத்த இரண்டு வாரத்துக்குள், டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கின. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அப்படி மூழ்கிய வண்டிகளில் பல, இன்சூரன்ஸ் கம்பெனி முழு இழப்பு என்று பணத்தைக் கொடுத்தபின் ஏலத்துக்குப் போகும். அங்கே எடுப்பவர் கழுவி, காயவைத்து, புது சீட் கவர் போட்டு விற்றுவிடுவார். ஆர்சி அதே ஆர்சிதான். நீங்கள் பார்க்கும் வண்டி வெள்ளம் வடிந்த நான்கே மாதத்தில் கைமாறியிருக்கிறது. மேட்டுத் தெருவில் நின்று ஒரு சொட்டுக்கூட ஏறாத வண்டியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த டிசம்பரில் அது எங்கே நின்றது என்று கேட்டே ஆக வேண்டும்.

வாயால் கேட்பதைவிட வண்டியிடம் கேட்பது நல்லது. சீட் பெல்ட்டை, முக்கியமாகப் பின்சீட் பெல்ட்டை, கடைசிவரை முழுதாக வெளியே இழுங்கள். கழுவுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியும் பகுதியைத்தான் கழுவுவார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பட்டையைத் தொடுவதில்லை. போன வருடம் தெரிந்தவர் ஒருவருக்காக வண்டி பார்க்கப் போயிருந்தேன். வெளியே பளபளப்பு, உள்ளே லெமன் வாசனை. மூன்றாவது வரிசை பெல்ட்டை இழுத்தபோது கடைசி ஒரு சாண் நீளத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் பழுப்புக் கறை. விரலால் தேய்த்தால் மண் உதிர்ந்தது. விற்க வந்தவரின் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கும் அது தெரியாது, அவரும் ஏமாந்து வாங்கியவர்தான். உங்களுக்கு விற்கிறவரும் அப்படி இருக்கக்கூடும் என்பதால், பேச்சில் மரியாதை குறையாமல் பாருங்கள்.

அடுத்து கார்ப்பெட். கதவோரம் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றினால் ஓரம் தூக்கும். அடியில் இருக்கும் பஞ்சுப் படுகையைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம், மக்கிய வாடை, மெல்லிய வண்டல், இவற்றில் ஒன்று இருந்தாலும் வந்த வழியே திரும்பிவிடுங்கள். சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்குகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வீட்டுக்குள் இருக்கும் இரும்பு மாதிரிதான் அது, சாதாரணமாகத் துரு ஏறாது. சீட்டுக்கு அடியில் போகும் வயர் கனெக்டர் ஒன்றைக் கழற்றச் சொல்லுங்கள். பித்தளை முனையில் பச்சைக் களிம்பு இருந்தால் அது தண்ணீர் குடித்த வண்டி. ஒன்று கவனம்: ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் கனெக்டர்களை மட்டும் தொட வேண்டாம்.

பிறகு பழைய இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கி, என்சிபி (நோ கிளெய்ம் போனஸ்) என்ற வரியைப் பாருங்கள். கிளெய்ம் வாங்காத வருடத்துக்கெல்லாம் தரும் தள்ளுபடி அது. 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். கிளெய்ம் வாங்கினால் பூஜ்யத்துக்கு இறங்கும். இப்போதைய ஓனர் வாங்கிய அன்று அவர் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கியிருக்கும், பழைய வண்டியின் என்சிபியைக் கொண்டுவந்திருந்தால் தவிர. ஆகவே முதல் ஓனரின் கடைசி பாலிசிதான் உங்களுக்குப் பேசும். அது கிடைக்காவிட்டால், மஹிந்திரா சர்வீஸ் சென்டரில் ஓனரையே கூட்டிப்போய் வண்டி எண்ணைக் கொடுத்து சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். என்ன வேலை, எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர் என்று எல்லாம் அதில் வரும். மீட்டரைக் குறைத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். 2022-ல் 1,10,000 என்று எழுதியிருக்கும் வண்டி இன்று 92,000 காட்ட முடியாது. வெளியிலேயே சர்வீஸ் செய்தேன் என்றால் பில்களைக் கேளுங்கள்.

அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்க வெயிலில் நிறுத்திப் பாருங்கள், மாலையிலோ மழையிலோ பார்க்கவே வேண்டாம். பானட் கீல், முன் ஃபெண்டர், கதவுக் கீல் ஆகியவற்றின் போல்ட் தலைகளில் பெயிண்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது என்று பொருள். கதவோரத்து ரப்பர் பீடிங்கை உருவினால் உள்ளே கம்பெனி வைத்த ஸ்பாட் வெல்டிங் வட்டவட்டமாகச் சீரான இடைவெளியில் தெரியும். டிங்கரிங் செய்த இடத்தில் அந்த வட்டம் இருக்காது, அல்லது கோணல்மாணலாக இருக்கும். பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் யாரிடமாவது இருந்தால் வாங்கிப்போங்கள். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 250, 300 என்றால் மறுபெயிண்ட். ஆயிரத்தை நெருங்கினால் அடியில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பூச்சு, இருக்கிறது. பம்பர் ஓரத்திலும் கதவிலும் மறுபெயிண்ட் இருப்பது நம் ஊர் டிராஃபிக்கில் சகஜம், அதற்காக வண்டியை விட வேண்டாம். கூரையிலோ, கூரையைத் தாங்கும் பில்லரிலோ, பானட்டுக்கு அடியில் இன்ஜினின் இருபுறமும் இருக்கும் ஏப்ரன் தகட்டிலோ இருந்தால் எடுக்காதீர்கள்.

சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், வேறொரு விளக்கோடு சேர்ந்து ஒரே நேரத்தில் அணைந்தாலும் சந்தேகப்படுங்கள். ஒருமுறை வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல், விளக்கின் வயரை இன்னொரு விளக்கோடு சேர்த்துக் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளை ஏற்றப்போகும் வண்டி என்பதால் இதில் விட்டுக்கொடுக்க எதுவுமே இல்லை.

இனி இன்ஜின். காலை ஏழு மணிக்கு ஓனர் வீட்டுக்கே போங்கள், அதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற டீசல் இன்ஜின் முதல் முறை பிடிக்கும்போது எதையும் மறைக்க முடியாது. சூடான இன்ஜினில் உங்கள் மெக்கானிக் கேட்டிருந்தால் அவர் பாதிதான் கேட்டிருக்கிறார். முதல் புகை ஒரு கணம் வந்து போகலாம். நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் ஆவி லேசாக வருவது இயல்பு, குபுகுபுவென்று மூடியைத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்திருக்கும் பிழைகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், அதையும் செருகிப் பாருங்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று வந்தால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். 'குறியீடுகள் அழித்தபின் ஓடிய தூரம்' என்று ஒரு அளவு அதிலேயே வரும். அது 8 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வரப்போவது தெரிந்து நேற்று யாரோ அழித்திருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு மாட்டுத்தாவணியைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. அழகர்கோவில் பக்கம் போய், கொஞ்சம் மேடு, கொஞ்சம் மோசமான சாலை, கொஞ்சம் வேகம் மூன்றும் பாருங்கள். மூன்றாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் எகிறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இந்த அளவு வண்டிக்கு அந்த வேலை சின்னச் செலவில் முடியாது. வேகத்தடைகளில் கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். கடகட சத்தம் வந்தால் அது சஸ்பென்ஷனின் லிங்க் ராடு, புஷ் வகையறா, 92,000 கிலோமீட்டரில் அது வருவது வியப்பில்லை.

ஒரு சின்ன விஷயம். டபிள்யூ7 என்பது 2018 ஏப்ரலில் வந்த புதுப்பித்த மாடலில்தான் உண்டு. அதில் 2.2 லிட்டர் இன்ஜின் 155 குதிரைத்திறன், அதற்கு முந்தையதில் 140. ஆர்சியில் தயாரிப்பு மாதம் ஏப்ரலுக்கு முன் இருந்தால், பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பாதீர்கள்.

இரண்டாவது முறை போகும்போது அப்பா, அம்மாவையும் கூட்டிப்போங்கள். வண்டி உயரம், மூட்டு வலி உள்ளவர்கள் ஏறுவது சிரமம். மூன்றாவது வரிசையில் பெரியவர்களுக்கு முழங்கால் நெஞ்சை முட்டும். அங்கே பிள்ளைகள்தான் உட்கார முடியும். மூன்று வரிசையும் விரித்தால் பெட்டி வைக்க இடம் மிகக் குறைவு. ஆறு பேரும் உட்கார்ந்து, ஏசியைப் போட்டு, கடைசி வரிசைக்குக் குளிர்ச்சி வருகிறதா என்று பாருங்கள். தென்காசி வரை இரண்டரை, மூன்று மணி நேரம் அதில்தான் உட்காரப் போகிறீர்கள்.

காகிதத்தில், முதலில் ஆர்சி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது ஓனர் என்பவர் பெயர் மாற்றாமலே வைத்திருந்து, முதல் ஓனரின் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அரசின் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டு லோன், இ-சலான் பாக்கி உண்டா என்று பாருங்கள். லோன் இருந்தால் வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை சான்று) ஆர்சியிலிருந்து லோனை நீக்கும் படிவம் 35-ம் கையில் வராமல் பணம் போகக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குப் பணம் வராது. அவருடைய என்சிபி உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். 15 வருடப் பதிவு 2033-ல் முடியும்.

விலை பற்றி. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. அப்படிப் பழைய டயர் நான்கும் இருந்தால் 17 இன்ச் டயருக்கு மட்டுமே நாற்பதாயிரம் அளவுக்கு எடுத்துவையுங்கள். அதோடு கிளட்ச், சஸ்பென்ஷன், பேட்டரி என்று உங்கள் மெக்கானிக்கை எழுதச் சொல்லி, அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசுங்கள். பாடியும் கார்ப்பெட்டும் சுத்தமாக இருந்தால் எட்டுக்குப் பக்கத்தில் முடிப்பது நியாயம். கார்ப்பெட்டைத் தூக்க அவர் சம்மதிக்கவில்லை என்றால் ஆறு லட்சத்துக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். முதல் ஓனரின் பாலிசியில் என்சிபி எத்தனை சதவீதம் என்று மறக்காமல் குறிப்பிடுங்கள்.